"நான் வீட்டுல" என்றொரு ஃபோல்டர்

இன்று காலை நம் வானொலி நிலையத்துக்குப் புதிய கணினி வந்தது. பழையதில் இருக்கும் பாட்டையெல்லாம் ஒரே மூச்சில் அதில் ஏற்ற வேண்டும். பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: ஃபோல்டர் பெயர்களையே பாட்டு வகைகளாக வைத்துக்கொள்ளவா? கீழே 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இதே கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லி உன்னிடம் நான் வாங்கிய திட்டு பதுளை பஸ் நிலையம் வரை கேட்டிருக்கும்.

அப்போது காலை நிகழ்ச்சிக்கு நாம் இரண்டு பேர்தான். பாட்டுப் போடுவது, நேரம் சொல்வது, வாழ்த்து வாசிப்பது எல்லாம் நம் தலையில். இருவரில் ஒருவர் எழுந்து போனாலும் வானொலி ஊமை. அதனால் ஆறு தைப்பொங்கல் உனக்கு ஸ்டூடியோவிலேயே விடிந்தது. ஊரெல்லாம் கேட்க வாழ்த்துச் சொன்ன உனக்குப் பொங்கல் வந்தது மறுநாள், டிபன் பாத்திரத்தில், ஆறிப்போய். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டு வாசலில், உன் அம்மா தனியாகப் பொங்கி அனுப்பியது. அதைச் சாப்பிடும்போது மட்டும் நீ பேச மாட்டாய். ஆச்சரியம்தான், மற்ற நேரமெல்லாம் உன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

தானாகப் பாட்டுப் போடும் மென்பொருள் வந்திருக்கிறது என்று மேலாளர் சொன்னதும் நீ நாற்காலியிலிருந்து துள்ளினாய்.

"அப்ப பொங்கலுக்கு நான் வீட்டுக்குப் போகலாமா சார்?"

"முதல்ல அது ஒழுங்கா ஓடட்டும். பிறகு பாப்பம்."

அது போதாதா உனக்கு? நாலு மாதம் கசெட்டையும் சீடியையும் கணினியில் ஏற்றினாய். ஃபோல்டர்களுக்கு நீ வைத்த பெயர்களைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சினிமா, பக்தி என்று எதுவும் இல்லை. பெரட்டு, தேத்தண்ணி, மழை, நிறுவை! விடியற்காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலையேறுகிறவர்களுக்குத் துள்ளலான பாட்டு. கொழுந்து நிறுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு மெல்லிய பாட்டு.

"அடியே, இது ரேடியோவா, தோட்டத்து டயரியா?" என்றேன்.

"தோட்டத்துலதானடி கேக்குறாங்க" என்றாய்.

நான் கேட்டேனா? கணினி வகுப்புக்குப் போய்வந்த திமிர். அந்தக் கேள்வி வந்தபோது, உன்னைக் கேட்காமலே 'வேண்டாம்' என்று அழுத்தினேன். நாலாயிரம் பாட்டும் ஒரே குவியலாகப் போய் விழுந்தன. பிறகு முறையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஓட்டிப் பார்த்தோம். பெரட்டு நேரத்தில் கணினி ஒரு தாலாட்டுப் போட்டது. அது முடிய இன்னொரு தாலாட்டு. ஆறரை மணிக்கு அப்புத்தளைக் கடையொன்றிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

"ஏம்மா, சங்கு ஊதியாச்சு, நீங்க பாட்டுக்குத் தாலாட்டு போடுறீங்க? எங்க வீட்டுக்காரி மாட்டுன கூடையைக் கழட்டி வச்சிட்டு மறுபடி படுத்துட்டா!"

உனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலாளர் சிரிக்கவில்லை. நாளை மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் பொங்கலன்றும் நீதான் ஸ்டூடியோவில் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகுதான் அந்தத் திட்டு. உன் பொங்கலைப் பறித்தது என் விரல்தானே.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினோம். இந்தமுறை 'ஆம்' என்பதை நீயே அழுத்தினாய். நாலரைக்கு உன் பஸ். புதுப்பானையும் கரும்பும் கதவோரம் தயாராக நின்றன. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. பெரட்டு ஏறியது, தேத்தண்ணி ஏறியது, ஒவ்வொன்றுக்கும் கைதட்டினோம். மூன்றரைக்குக் கோடு அசையாமல் நின்றுவிட்டது.

"என்னாடி ஆச்சு? சொல்லுடி!"

மழை ஃபோல்டரில் ஒரு பாட்டு பழுதாகியிருந்தது. அதைத் தேடி எடுத்து வீசிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். நீ தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னாய். நாலேகாலுக்குக் கடைசி ஃபோல்டரும் ஏறியது. அதன் பெயர் 'நான் வீட்டுல'. பொங்கல் காலைக்கென்றே நீ கோத்து வைத்த பன்னிரண்டு பாட்டுகள். கோடு நிறைந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாய். பானையை இடுப்பிலும் கரும்பைத் தோளிலும் வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் நீ ஓடியதைப் பார்க்க வேண்டுமே! எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் காவலுக்கு இருந்தேன். தொட வேண்டிய தேவையே வரவில்லை. பன்னிரண்டும் வரிசையாக வந்தன. திரும்பி வந்து மூச்சுவிடாமல் சொன்னாய்: "பால் பொங்குறப்ப சரியா அந்த நாதஸ்வரம்டி! அம்மா கரண்டியோட என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. 'நீ இங்க இருக்க, அப்ப அங்க யாரு பாட்டுப் போடுறது?'ன்னு கேக்குது."

அதன்பின் எல்லாப் பொங்கலுக்கும் வீட்டுக்குப் போனாய். இத்தனை சீக்கிரம் நோய் உன்னைக் கொண்டுபோகும் என்று நினைக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான், யார்மேல் என்று தெரியாத கோபம்.

உன் வருடத் திதி முடிந்து வந்த முதல் பொங்கலுக்கு உன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்தபோது அந்த நாதஸ்வரம் வந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்: "இப்ப அங்க யாரும்மா பாட்டுப் போடுறது?"

"அவதாம்மா" என்றேன்.

இன்று கணினி பொருத்த வந்த பொறியாளர், "மிஸ், இந்தப் பேரெல்லாம் எதுக்கு? சினிமா, பக்தின்னு மாத்திருவமா?" என்று கேட்டார். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே 'ஆம்' என்பதை அழுத்தினேன். பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஓடியது, உன் பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில். கடைசியாக 'நான் வீட்டுல' வந்தது. பன்னிரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.