பிரார்த்தனைக்கு நடுவே அடித்த மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம். வேலை போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படியுங்கள்.

எங்கள் அரசு அலுவலகத்தில் காலையில் மேலாளர் கூடத்தில் பிரார்த்தனை நடத்துவார். அது முடிந்தால்தான் டோக்கன் கூப்பிடுவோம். நம் சாமியைக் கும்பிடாதவர்கள் கையில் டோக்கன் இருந்தும் வெளியே வெயிலில் நிற்பார்கள்.

திங்கட்கிழமை முதல் டோக்கன்காரி கைக்குழந்தையோடு வெளியே நின்றாள். ஒன்பது அடித்ததும் பிரார்த்தனைப் பாட்டு முடியும்முன்பே டோக்கன் கூப்பிடும் மணியின் பொத்தானை அழுத்திவிட்டேன். மணியோசையில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"உனக்கு சாமி பயமே இல்லையா?" என்று மேலாளர் கத்தினார்.

"இருக்கு சார். அதான் வீட்லயே கும்பிட்டுட்டு வந்தேன். இது எல்லாருக்குமான ஆபீஸ்" என்றேன்.

முன்னால் கைகூப்பி நின்ற ஓர் அம்மாள், "சாமி எங்கயும் போயிடாது சார். குழந்தை வெயில்ல நிக்குது, உள்ள கூப்பிடுங்க" என்றாள்.

மேலாளர் என்மேல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நேற்று உத்தரவு வந்தது, அவருக்கு! இனி அலுவலக நேரத்தில் எந்த மதப் பிரார்த்தனையும் கூடாதாம். சுவரிலிருந்த சாமி படத்தை அவரே கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். ஜெயித்துவிட்டோம் அம்மா!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போர்வையும், நம் வீட்டுச் சின்னச் சாமி படத்தையும் கொடுத்தனுப்புங்கள். என் அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை, சாமியிடமாவது பேசுகிறேன்.

ஓடுகிறேன். ஒன்பது மணிக்கு முதல் டோக்கனைக் கூப்பிட்டாக வேண்டும்.

உங்கள் மகள்