கழுதைக்கும் உண்டு லீவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? மருந்தைப் பாதியில் நிறுத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. பதறாதீர்கள், வேலை போகவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் எங்கள் லாண்டரியில் ஒரு மாதமாக லீவே இல்லை. போன சனிக்கிழமை சூப்பர்வைசரிடம் போய், "நாளைக்கு வர மாட்டேன் சார்" என்றேன். காரணம் கேட்டார். வீட்டு ஜெபத்தில் நீங்கள் வாசிப்பதைத்தான் சொன்னேன். எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேல் அடிமைகள் விடுதலையானதும், ஏழாம் நாள் வேலைக்காரிக்கும் ஓய்வு, மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு என்று ஆண்டவரிடம் சட்டம் வாங்கி வந்தார்களே, அதை.

அவர் சிரித்தார். "நீ என்ன இஸ்ரவேல் ஜனமா?"

"இல்ல சார். அவங்க வாசல்ல தங்குற அந்நியருக்கும் சேர்த்துத்தான் அந்த லீவு. வெளியூர்ல இருந்து வந்த நானும் இங்க அந்நியர்தானே?"

பக்கத்து மிஷின் அக்கா, "அப்ப நானும் வரல" என்றாள். ஞாயிறன்று இருவருமே போகவில்லை.

திங்களன்று சூப்பர்வைசர் என்னை மிஷினிலிருந்து எடுத்து, கனமான ஈரத்துணி தூக்கும் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளட்டும். தாங்கள் பட்ட பாட்டை மறக்காமல் எனக்கும் ஒரு நாள் ஒதுக்கி வைத்த அந்த ஜனங்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி, அதை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான்.

லீவு வாங்கிவிட்டேனே தவிர, அறையில் தனியாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் ஜெபத்தில் வாசிப்பதைப் போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் இருமினால் அழிக்க வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. இன்றும் சனிக்கிழமை. நாளை வர மாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் ஈரத்துணியைத் தொடுவேன்.

உங்கள் மகள்