வெளிநாட்டுக் காசு

டூட்டிங், லண்டன்
18.8.1996

அன்புள்ள தம்பி பாலேந்திராவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் பிள்ளை கௌரியும் சுகமாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் அல்லவா, எழுதியாயிற்று. லலிதாவுக்கு மசக்கைச் சத்தி நின்றுவிட்டதா? வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல். கேட்பாளோ தெரியாது, உன்னைக் கட்டினவள் அல்லவா, பிடிவாதம் ஒட்டியிருக்கும்.

உன் அத்தானைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. போன மாதம் ஊரில் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து சைக்கிளில் வந்தவரைச் சென்றிக் காவலரணில் மறித்து ஆமிக்காரர் உள்ளே கூட்டிக்கொண்டு போனதை இரண்டு பேர் கண்டிருக்கிறார்கள். முகாமில் போய்க் கேட்டால் அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை என்கிறார்களாம். சைக்கிள் மட்டும் வேலியோடு சாத்தியபடி நின்றதாம். பூட்டியிருந்ததாம், தம்பி. திரும்பி வருகிற எண்ணம் இல்லாத மனிதர் எதற்குச் சைக்கிளைப் பூட்ட வேண்டும்? என்னையும் கௌரியையும் முன்னால் அனுப்பும்போதும் இப்படித்தான், மருந்தறைக்கு வேறு ஆள் வரட்டும், அடுத்த பிளேனில் நான் வாறன் என்றார். எதையும் அரைகுறையாக விட்டுவிட்டு வராத பிறவி.

போன கிழமை நீ போனில் சிரித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாய். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்பவருடைய கட்சிக்குக் காசு சேர்க்க உன் கொம்பனி முதலாளி விருந்து வைக்கிறார், ஒரு ஆளுக்கு ஆயிரம் டொலர், வேட்பாளரே மேசை மேசையாக வந்து கைகொடுப்பார் என்று சொன்னாய். ஆயிரம் டொலருக்கு என்ன கறி வைப்பினமோ என்று பகிடியும் விட்டாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னுடைய வேலை உனக்குத் தெரியும். பெரிய ஹோட்டல்களின் மேசை விரிப்புகள் எங்கள் லோண்ட்ரிக்குத்தான் வருகின்றன. ஈரத்தோடு உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வரும், நானும் பியற்றிஸும் ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்போம். பியற்றிஸ் மன்னார்ப் பிள்ளை, நல்லவள், வாய்தான் மூடாது. விரிப்பைப் பார்த்தே விருந்து எப்படி நடந்தது என்று எனக்குச் சொல்ல ஏலும். இந்தக் கிழமை முழுக்க அந்த ஆவிக்குள் உன் விருந்துதான் தெரிகிறது. வெள்ளை வெள்ளையாக மேசைகள், நடுவில் பூ, நீ நீலக் கோட்டோடு கதிரையில் இருக்கிறாய். அந்த மனிதர் சிரித்தபடி வருகிறார். உன் கையைப் பிடிக்கிறார். நீ ஒரே ஒரு வசனம் சொல்கிறாய். அவர் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கிறார், அந்த ஆள் எங்கோ போன் எடுக்கிறார், எங்கோ ஒரு கதவு திறக்கிறது. அதற்குமேல் காண முதல் பியற்றிஸ், அக்கா துணி தரையில இழுபடுது என்று கத்துவாள்.

தம்பி, அந்தக் கதிரையில் நீ இருக்க வேண்டும். காசைப் பற்றி யோசிக்காதே, அது என் பொறுப்பு. பத்மநாதன் என்று அத்தானின் பேரையும் பிடித்த இடத்தையும் சொன்னால் போதும். அவ்வளவு பெரிய நாட்டை ஆளப்போகிறவர் ஒருதரம் விசாரித்தால் இல்லையென்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? வசனத்தை நல்ல இங்கிலீஷில் கௌரி எழுதித் தருவாள். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரி மூக்கால் கதைக்கிறாள்.

பிள்ளையார் உன்னோடு இருப்பார்.

உன் அக்கா
தவநாயகி

---

டூட்டிங்
13.10.1996

தம்பி பாலேந்திராவுக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை, கவனித்திருப்பாய். நீ போனில் கத்திய கத்தலுக்கு இது போதும்.

சரி, உண்டியலில் அனுப்பியது பிழை. யோகலிங்கத்தின் கடையில் இங்கே காசைக் கொடுத்தால் அங்கே அவருடைய ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார், ஊருக்கு அப்படித்தானே இவ்வளவு காலமும் அனுப்பினோம். முன்பின் தெரியாத ஒருவன் கடித உறையோடு வந்து பெல் அடித்ததும் லலிதா பயந்துபோனாள் என்றாய். பிள்ளைத்தாய்ச்சியைப் பயப்படுத்தியது என் குற்றம்தான். ஆனால் அதற்காக, அக்கா உமக்கு மூளை இருக்கோ என்று கேட்பாயா? நீர், உமக்கு எல்லாம் என்னோடு வேண்டாம். கோபம் வந்தால்தான் உனக்கு மரியாதை வரும்.

வெளிநாட்டு ஆளின் காசு தேர்தலுக்குக் கொடுக்க ஏலாது, சட்டம் விடாது என்றாய். நானா தம்பி வெளிநாடு? உனக்குப் பல்லு விழுந்தபோது கூரையில் எறிந்தவள் வெளிநாடா? எங்கட ஊரில் வெளிநாட்டுக் காசு என்றால் எவ்வளவு மதிப்பு! கோயில் மணிக்கூண்டு வெளிநாட்டுக் காசு, குமர்ப் பிள்ளையின் தாலிக்கொடி வெளிநாட்டுக் காசு, யாருக்கும் வருத்தம், ஆஸ்பத்திரி என்றால் வெளிநாட்டுக் காசு. உன் நாட்டில் மட்டும் அது தீட்டாகிவிட்டது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கிறிஸ்துநாயகம் மாஸ்டரிடம் கேட்டேன். இங்கிலாந்தில் அப்படி ஒரு தடையே இல்லையாம், எந்த நாட்டுக் காசையும் கட்சிகள் வாங்கலாமாம். நான் பிழையான நாட்டில் வந்து இறங்கவில்லை, நீதான் இறங்கியிருக்கிறாய்.

அடுத்ததாக, ஒருத்தர் காசை இன்னொருத்தர் பேரில் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்றாய். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. போன வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலில் உன் பேரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டார். பாலேந்திரா, அத்த நட்சத்திரம் என்றேன். காசு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பலன் உனக்குத்தான், காசு என்னுடையது, பிள்ளையாருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. பியற்றிஸும் தங்கட வேதக் கோயிலில் அப்படித்தான் என்கிறாள், இங்கே இவள் காசு கொடுத்தால் சுவாமியார் இவளுடைய தம்பியின் பேரில் பூசை ஒப்புக்கொடுப்பாராம். இரண்டு சமயத்திலும் சரியாக இருப்பது உன் அமெரிக்காவில் எப்படிக் களவாகும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் காசில் பாதி பியற்றிஸுடையது. அவளுடைய தம்பியையும் ஒன்றரை வருஷமாகக் காணவில்லை. அக்கா, அந்த வசனத்திலயே அவன்ர பேரையும் ஒரு ஓரத்தில போடுங்கோவன் என்று கேட்டாள். எப்படித் தம்பி மாட்டேன் என்று சொல்லுவேன்?

விருந்து முடிந்துவிட்டது என்றும் நீ போகவில்லை என்றும் சொன்னாய். அன்றைக்கு டக்கென்று போனை வைத்துவிட்டேன். மற்ற நாள் வேலை முடிந்து நோதர்ன் லைன் ரெயினில் வரும்போது கண் சொருகிவிட்டது. கனவில் நானே அந்த விருந்துக்குப் போயிருந்தேன். லோண்ட்ரி ஏப்ரன்தான் கட்டியிருந்தேன், ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. விரிப்புகள் எல்லாம் நான் மடித்தவை. அந்த மனிதர் வந்து எனக்கு முன்னால் நின்று நல்ல தமிழில், எங்கட ஊர்த் தமிழில், அம்மா இது ஆற்ற காசு என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, பக்குவமாகத்தான் கேட்டார். என் காசு என்றால் உன் கதிரை போய்விடும், உன் காசு என்றால் என் வசனம் போய்விடும். வாயைத் திறந்தபடியே நிற்கிறேன். மேசைகள் ஒவ்வொன்றாக ஆவியாகி மேலே போகின்றன. கண் முழித்துப் பார்த்தால் டூட்டிங் தாண்டிக் கடைசி ஸ்டேஷன் மோர்டன் வந்து, ரெயினில் ஒரு சனம் இல்லை.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்து அழுதேன். அழுதேன் என்று உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

காசைத் திருப்பி அனுப்புவதென்றால் அனுப்பு. நான் கோபத்தில்தான் இருக்கிறேன். லலிதாவுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கறி காய்ச்சச் சரக்குத்தூள் அனுப்பியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

தவநாயகி

---

டூட்டிங்
24.11.1996

அன்புள்ள என் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதமும் படமும் கிடைத்தன. கையை உயர்த்திச் சத்தியம் செய்து அமெரிக்கன் ஆகிவிட்டாய். அந்த நீலக் கோட்டைப் பார்த்ததும் திகைத்துப்போனேன், நான் கண்ட அதே கோட். லலிதாவின் முகம் தெளிந்திருக்கிறது, பொம்பிளைப் பிள்ளைதான், எழுதி வைத்துக்கொள். வோட்டும் போட்டாயாம். ஆருக்குப் போட்டனி என்று கேட்கமாட்டேன். என் தம்பி ஒரு நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவு செய்கிறான் என்று லோண்ட்ரியில் எல்லோருக்கும் சொன்னேன். போலந்துக்காரி ஒருத்தி எனக்குக் கைகொடுத்தாள்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், சிரிக்கக்கூடாது. போன கிழமை மாஸ்டர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பிள்ளை உன்ர விஷயம்தான் போட்டிருக்கு என்றார். அமெரிக்காவில் தேர்தலுக்கு வெளிநாட்டுக் காசு வந்ததென்று பெரிய ஆர்ப்பாட்டமாம். கொடுத்தவர்களின் பேரைப் பிடித்து, உனக்கு இவ்வளவு காசு எங்காலை வந்தது என்று விசாரிக்கப்போகிறார்களாம். நான் சொன்னதைக் கேட்டு நீ கொடுத்திருந்தால் இன்றைக்கு உன் வீட்டு வாசலில் யாராவது நின்றிருப்பார்கள். அத்தானைக் கூப்பிட்டு விசாரித்தது போதாதென்று உன்னையும் யாரோ விசாரிக்க நானே வழி பண்ணியிருப்பேன். அர்ச்சனைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் விளங்கியது. கோயிலில் பேர் கொடுத்தவனைத் தேடிக்கொண்டு யாரும் வருவதில்லை.

காசு வந்து சேர்ந்தது. பியற்றிஸின் பங்கைக் கொடுத்துவிட்டேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பரவாயில்லை அக்கா, கேட்டுப் பார்த்தம்தானே என்றாள். வாய் மூடாதவள் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்க ஏலவில்லை.

அப்போதுதான் உன் கடிதத்தோடு நீ உங்கள் செனட்டருக்கு எழுதிய விண்ணப்பத்தின் பிரதியைப் பார்த்தேன். காசு ஒரு சதமும் வேண்டாம் அக்கா, இப்ப நான் அவருக்கு வோட்டுப் போடுற ஆள், நான் எழுதினால் அவர் பதில் போடத்தான் வேணும் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் ஆயிரம் டொலருக்கு ஒரு வசனம் வாங்கப் பார்த்தேன். நீ ஒரு முத்திரையை ஒட்டி முழுப் பக்கம் எழுதிவிட்டாய். பியற்றிஸின் தம்பி பேரையும் மறக்காமல் போட்டிருக்கிறாய். அவளுக்குக் காட்டினேன், அந்தப் பேரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நீ நல்லாயிருக்க வேண்டும் தம்பி, உன் பிள்ளையும் உன்னைப்போல நெஞ்சு ஈரம் உள்ளதாகப் பிறக்க வேண்டும்.

கௌரி ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். பேர் சரி, இடம் சரி, அவரைக் கூட்டிக்கொண்டு போன நாளும் சரி. இரண்டாம் பந்தியின் முதல் வரியில் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு சொன்னாள், என் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவராக இருந்தார் என்று மாமா எழுதியிருக்கிறார் என்று. உனக்கு இங்கிலீஷ் ஒழுங்காகத் தெரியாதடி என்று ஏசிவிட்டேன். பிள்ளை அந்தச் சொல்லில் விரலை வைத்துக் காட்டினாள்.

நீ வேண்டுமென்று எழுதவில்லை, எனக்குத் தெரியும். அவசரத்தில் வந்திருக்கும். அந்த மொழியில் அது ஒரு சின்னச் சொல். நான்கு மாதமாக ஒரு சேதியும் இல்லாத ஆளைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் போலும். மாஸ்டர்கூட இப்போது அவரைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார். நான் அவர்களோடு சண்டை பிடிப்பதில்லை. உன்னோடுதான் கேட்க ஏலும்.

கடிதம் இன்னும் தபாலில் சேராவிட்டால் நிறுத்து. சேர்ந்துவிட்டால் இன்னொன்று எழுது. வேறொன்றும் மாற்ற வேண்டாம். மருந்து கொடுப்பவராக இருக்கிறார் என்று எழுது, ராசா. இருக்கிறார் என்று போடு.

உன் அக்கா
தவநாயகி