ரெமெக் இரண்டாவதாக வந்த ஞாயிறு

1997 அக்டோபர் 5, ஞாயிறு

அன்பு மகள் யாத்விகாவுக்கு,

முதல் வார்த்தையாக இயேசுவுக்குத் தோத்திரம், அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மகன் ரெமெக்கும் ஏழு கோழிகளும் சுகமாக இருக்கிறோம், சிகாகோவில் உன் முட்டிவலி குறைந்தது என்று உன் கையெழுத்திலேயே வந்தால்தான் எனக்கு நிம்மதி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். இந்த வருஷம் பிளம்ஸ் கொட்டோ கொட்டென்று கொட்டியது, பதினாறு பாட்டில் ஜாம் கிண்டிவிட்டேன், காளானும் காய வைத்திருக்கிறேன், யாராவது உன் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உன் அப்பா கல்லறையில் சிலுவை சாய்ந்திருந்தது, நிமிர்த்தி சிமெண்ட் பூசியாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ரெமெக் உனக்குப் போன் பண்ணி ஜெயித்துவிட்டோம் என்றானாம், கடைசி ஓட்டத்தில் எத்தனாவதாக வந்தாய் என்று நீ கேட்டாயாம், இரண்டாவது என்றானாம், இரண்டாவதாக வருவதற்கா இந்தப் பாடு என்று சொன்னாயாம். அன்று ராத்திரி முழுக்க அவன் முகம் சரியில்லை. ஆகஸ்டில் நீ எழுதின கடிதம் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர் பைக் பந்தய அணி முதல் டிவிஷனிலேயே நிலைத்துவிட்டால் அவன் பைக் ஓட்டட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன், கீழே இறங்கினால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு சிகாகோவுக்கு என்னிடம் வந்துவிட வேண்டும் என்று நீதான் எழுதினாய். அவனும் சரி என்றான். அணி நிலைத்துவிட்டது மகளே. இப்போது இரண்டாவது மூன்றாவது என்று புதுக் கணக்கு போட்டால் எப்படி. நீ மைதானத்துக்கு வந்த நாளிலெல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய், அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

சீசன் நன்றாக ஆரம்பிக்கவில்லை என்பது உண்மைதான். ஏப்ரலில் மூன்று தோல்வி, மே மாதம் கொஞ்சம் எழுந்தோம். ஜூலையில் நான் உன்னிடம் ஒன்றை மறைத்தேன், அவனுக்குச் சளி என்று எழுதினேனே, அது சளி இல்லை, கழுத்தெலும்பு முறிந்து தகடு வைத்துத் தைத்தார்கள். பதினாறாம் நாள் மறுபடி பைக்கில் ஏறிவிட்டான். இங்கே எல்லாரும் அப்படித்தான் ஏறுகிறார்கள், டாக்டரும் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அவன்மேல் வேண்டாம். இப்போது கையைத் தலைக்குமேல் தூக்குகிறான், விறகும் பிளக்கிறான். ஆகஸ்டு முடிந்தபோது பத்து அணியில் நாம் ஒன்பதாவது, கடைசி இரண்டும் கீழ் டிவிஷனுக்குப் போகும். எட்டாவதாக இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர், நம்மைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். கடைசிப் பந்தயம் அவர்களோடுதான், நம் மைதானத்தில். சமமாக முடிந்தாலும் நாம் கீழே போய்விடுவோம், ஜெயித்தே ஆக வேண்டும்.

நம் ஆட்களின் புத்தியைக் கேள். நம் பையன்களுக்கு மண் கொஞ்சம் ஆழமாக, பிடிமானமாக இருந்தால் பிடிக்கும் என்று ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் ப்ரோனெக் சனிக்கிழமை சாயங்காலம் லாரி லாரியாகத் தண்ணீர் அடித்துவிட்டான். ஞாயிறு விடியும்போது மழை. நான் பூசை முடிந்து நேரே போய்ப் பார்த்தால் பாதை அப்பத்துக்குப் பிசைந்த மாவு மாதிரி கிடக்கிறது. நடுவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றி வந்தார், ஓட்ட முடியாத பாதை என்று எழுதிவிட்டால் மைதானத்துக்காரர்களான நமக்கு ஓடாமலே தோல்வி. ஊரே மண்வெட்டியும் மரத்தூளுமாக இறங்கியது, பாதிரியார்கூட அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாரினார். மூன்று மணிக்கு நடுவர் சரி என்றார். ஆனால் ஆழமான மண்ணில் முதலில் விழுந்தது யார், நம் ஆட்கள்தான். ப்ரோனெக் என் பக்கம் திரும்பவே இல்லை. பதினான்கு ஓட்டம் முடிந்தபோது அவர்கள் நாற்பத்துமூன்று, நாம் நாற்பத்தொன்று.

கடைசி ஓட்டம். நாலு பேர், நாலு சுற்று, பைக்கில் பிரேக்கே கிடையாது. முதலில் வருபவனுக்கு மூன்று, அடுத்தவனுக்கு இரண்டு, அடுத்தவனுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. நம் பக்கம் கேப்டன் லூத்விக், முப்பத்தொன்பது வயதுக்காரர், அவரும் ரெமெக்கும். நாம் ஜெயிக்க வேண்டுமானால் முதலிடம் இரண்டாமிடம் இரண்டுமே நமக்கு வர வேண்டும், ஒன்று தவறினாலும் போயிற்று. தொடக்கக் கோட்டில் கட்டிய கயிறு மேலே போனதும் ரெமெக் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி முதல் ஆளாகப் பாய்ந்தான், ஆனால் அவனுக்குப் பின்னால் அவர்களுடைய மஞ்சள் ஹெல்மெட்காரன், லூத்விக் மூன்றாவது. நான் புள்ளி குறித்துக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். ரெமெக் அப்படியே போயிருந்தால் முதலாவதாக வந்திருப்பான், உனக்குப் போனில் பெருமையாகச் சொல்லியிருப்பான், சமமாக முடிந்து அணி கீழே போயிருக்கும். இரண்டாவது சுற்றில் அவன் தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தான் யாத்விகா. பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து உள்பக்க ஓரத்தை அடைத்துக்கொண்டான். எனக்குப் பின்னால் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்த ஒரு தடியன், ஏய் தம்பி தூங்கிட்டியாடா என்று கத்தினான். நான் திரும்பி, வாய மூடிக்கிட்டு பாருய்யா, அவன் என்ன செய்யறான்னு இப்பத் தெரியும் என்றேன். மஞ்சள் ஹெல்மெட்காரன் ரெமெக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் போக முடியாமல் தவித்தான், அந்த நேரத்தில் லூத்விக் வேலி ஓரமாகச் சுற்றிவந்து இரண்டு பேரையும் தாண்டிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு சுற்று முழுக்க அந்த மஞ்சள்காரன் ரெமெக்கின் பின்சக்கரத்தை இடிக்காத குறையாகத் துரத்தினான், உன் மகன் ஓர் அங்குலம் வழி விடவில்லை. லூத்விக் முதல், ரெமெக் இரண்டாவது. நாற்பத்தாறுக்கு நாற்பத்துநாலு. அந்தத் தடியன் தன் விதைப் பொட்டலத்தை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு அழுதான்.

முடிந்ததும் லூத்விக் சேறு வழிய வந்து, டேய் உனக்கு மூணு புள்ளி வேணாமாடா என்று கேட்டார். ரெமெக் சொன்னான், எனக்கு அஞ்சு வேணும்ண்ணே, நமக்கு. அவ்வளவுதான் பேசினான். தன் அணி ஜோடிக்காரன் பின்னால் இரண்டாவதாக வருபவனுக்கு இங்கே புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவது வழக்கம், நானும் என் தாளில் போட்டேன், அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஓர் உறை. அமெரிக்க விசாவுக்கு ஒரு காது தெரியும்படி எடுத்த போட்டோ, நாலு. பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமையே எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறான். என்னடா இது என்றேன். "அம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேனே பாட்டி. தோத்திருந்தா திங்கக்கிழமை விசா வாங்க வார்சாவுக்குப் போயிருப்பேன்" என்றான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தயாராகத்தான் மைதானத்துக்கு வந்தான். நீயும் உன் சொல்லைக் காப்பாற்று மகளே, எனக்கு உன்மேல் நம்பிக்கை உண்டு, நான் வளர்த்தவள்தானே நீ.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கால்வலி பறந்துபோகட்டும், ஈரத்தரையில் செருப்பில்லாமல் நிற்காதே. நவம்பர் ஒன்றாம் தேதி அப்பா கல்லறையில் உன் பெயரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன். அடுத்த ஞாயிறு அவன் போன் பண்ணும்போது வா என்று சொல்லாதே, நன்றாக ஓட்டினாய் என்று மட்டும் சொல், அதுக்குமேல் ஒன்றும் வேண்டாம். போட்டோவில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், கண்ணாடி ஓரத்தில் செருகிக்கொள். மீதி மூன்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
கெனொவேஃபா