கால் நிமிட நாடி

14 பிப்ரவரி 2011
இன்றுதான் முதல்முறையாக வார்டுக்குப் போனேன். நர்சிங் வகுப்பில் எல்லோருக்கும் பதினெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்று. ‘அங்கிள்’ என்கிறார்கள். என்ன செய்ய, கணக்கு சரிதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹைதராபாத் மாதாப்பூர் சாஃப்ட்வேர் ஆபீஸில் என் அடையாள கார்டை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எழுபது இன்டர்வியூ போனேன். பிறகு யோசித்தேன்: புராஜெக்ட் தீர்ந்துபோகும், நோயாளி தீர்ந்துபோக மாட்டான். சேர்ந்துவிட்டேன்.

அப்பா இதை எங்கள் மல்காஜ்கிரியில் யாரிடமும் சொல்லவில்லை. “கேட்டா ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்னு சொல்லிண்டிருக்கேன். நீயும் அதையே சொல்லு.”

16 பிப்ரவரி
வார்டில் எங்களுக்குச் சொல்லித்தரும் திரிபுரசுந்தரி மேடம் விடமாட்டேன் என்கிறார். “நாடிய ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும் ஹர்ஷா. குறுக்கு வழியெல்லாம் நக்கோ, வேண்டாம்.” இருபத்தெட்டு கட்டில், இருபத்தெட்டு நிமிடம். முட்டாள்தனம். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினேன். ஏழு நிமிடத்தில் முடிந்தது.

18 பிப்ரவரி
பதினோராம் கட்டில் சந்திரமோகன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், இதய நோய். பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும்.

“க்யா பிரதர், கம்ப்யூட்டர்ல கூட்டல் தப்பாச்சுன்னு இங்க தள்ளிட்டாங்களா?”

“கைய நீட்டுங்க.”

“அதுக்குள்ள முடிஞ்சுதா? நேத்து வந்த பொண்ணு எவ்ளோ நேரம் பிடிச்சிருந்தா!”

“உங்க கையப் பிடிச்சுக்கிட்டே இருக்க எனக்கு ஆசையில்ல.”

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து.

22 பிப்ரவரி
தனித் தெலங்கானா கேட்டு பந்த். பஸ் இல்லை. தண்டவாளத்தை ஒட்டி நடந்தே போனேன். கால் வீங்கிவிட்டது.

23 பிப்ரவரி
இன்றும் பந்த், இன்றும் நடை. வேகவேகமாகப் பார்த்தேன்.

சந்திரமோகன் கஞ்சியைத் தள்ளிவிட்டார். “வயித்தப் புரட்டுது பிரதர். பெட்ஷீட்டு மஞ்சளா தெரியுது, காய்கு, ஏன்?”

“தோய்க்கல. அதான்.”

பதினைந்து நொடியில் பதினெட்டு. எழுபத்திரண்டு என்று எழுதினேன். அதைப் பார்த்துத்தான் ஸ்டாஃப் நர்ஸ் புஷ்பா அவருக்கு இதய மாத்திரையைக் கொடுத்தார்.

சாயங்காலம் நாடி நாற்பது. ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நாடி அறுபதுக்குக் கீழே இருந்தால் அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து உடம்பில் மிஞ்சினால் குமட்டும், எல்லாம் மஞ்சளாகத் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது. நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அவர் நாடி ஒழுங்கில்லாதது. கொஞ்சம் ஓடும், நிற்கும், ஓடும். ஓடின கால் நிமிடத்தை நான் எண்ணியிருக்கிறேன். மீதி முக்கால் நிமிடத்தில் என்ன இருந்தது?

24 பிப்ரவரி
விசாரணை. சார்ட்டில் எழுபத்திரண்டு இருப்பதால் சந்தேகம் முழுக்க புஷ்பா மேல். ரெண்டு மாத்திரை கொடுத்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். “ஒண்ணுதான் சார், பிள்ளைங்க மேல சத்தியமா ஒண்ணுதான்.” நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

25 பிப்ரவரி
இன்றும் சொல்லவில்லை.

26 பிப்ரவரி
காலையில் சந்திரமோகன் இறந்துவிட்டார்.

மேடத்திடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். “எத்தனை பேருக்கு இப்படி?” என்று மட்டும் கேட்டார்.

“எல்லாருக்கும். பதினாறாம் தேதியிலேருந்து.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அதை மறுபடி போட்டுக்கொள்ளவே இல்லை.

3 மார்ச்
முழு நிமிடம் எண்ணியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார்களாம் டாக்டர்கள். பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை.

எனக்கு இந்த வருடம் ரத்து. நவம்பரில் புதுப் பசங்களோடு மறுபடி முதல் வருடம். புஷ்பாவை விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்தால் வேறு வழியில் போகிறார்.

அப்பா கேட்டார்: “நீ சொல்லாம இருந்திருந்தா?”

“புஷ்பாவுக்கு வேலை போயிருக்கும்.”

“நான் உன்னப் பத்தித்தான் கேட்டேன்.”

எழுந்து உள்ளே போய்விட்டேன்.

19 ஏப்ரல்
அனிருத் போன் செய்தான், பழைய ஆபீஸ் நண்பன். “இங்க ஒரு வேல இருக்கு, திங்கக்கிழமை வாடா. சும்மா டெஸ்டிங்தான், சரியா இருக்கான்னு பாத்துச் சொன்னாப் போதும்.”

நான் பார்த்துச் சொல்வதா!

25 ஏப்ரல்
போகவில்லை. லட்சியம் எல்லாம் ஒன்றுமில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

8 ஆகஸ்ட்
எதுவுமில்லை.

7 நவம்பர்
சேர்ந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. புதுப் பசங்களும் அங்கிள் என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

20 பிப்ரவரி 2012
அதே வார்டு. பதினோராம் கட்டிலில் ஒரு ஆட்டோக்காரர். கையைப் பிடித்தேன்.

“என்ன பிரதர், தூங்கிட்டீங்களா?”

“எண்ணிட்டிருக்கேன். பேசாதீங்க.”

நாற்பத்தோராவது நொடியில் ஒரு துடிப்பு விட்டுப்போனது. மேடத்தைக் கூப்பிட்டேன். வந்தார், அவரும் ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார்.

“எப்பவாவது ஒண்ணு விடும். பயமில்ல. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். இன்னும் பதினேழு கட்டில் பாக்கி இருந்தது.