சீட்டுக் காலில் சுற்றாத கம்பி

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றவர்கள்: நான், என் மகள் டார்லா, அவள் புருஷன் ராய்ஸ், பாஸ்டர் லாம்பர்ட், அப்புறம் ஓப்பல் ஜென்ட்ரி. ஓப்பலை நான் ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனாலும் நின்றாளே, எழுதத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியை உடைத்திருக்கிறார்களாம். பாஸ்டர் சொன்னார். சில்லறையைத் தொடவில்லை, போனைத் தொடவில்லை. துப்பாக்கியை மட்டும் தேடி எடுத்திருக்கிறார்கள்.

டார்லா அங்கேதான் நர்ஸ், ராத்திரி டியூட்டி. துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே பலகை. போகிற வழியெல்லாம் காடு, துணைக்கு அது இல்லாமல் அவள் போகமாட்டாள். அதனால் ஹாய்ட்டின் ரிவால்வர் விடியும்வரை காரில் கிடக்கிறது, சீட்டுக்கு அடியில், ஒரு துண்டில் சுற்றி. ஹாய்ட் என் புருஷன். செத்துப் போகும்போது மகளுக்கென்று விட்டுப் போனது அது ஒன்றுதான். பிடியில் மரம் விரிசல் விட்டபோது என் தையல் மிஷினிலிருந்து பித்தளைத் திருகாணியைக் கழற்றிக் கொடுத்தவள் நான். அதன் தலையை நானே அரத்தால் ராவினேன்.

"துண்டுல சுத்தி வச்சிருக்கியா? அது என்ன சுட்ட ரொட்டியா, சூடு ஆறாம இருக்கறதுக்கு?" என்று டார்லாவைக் கேட்டேன்.

ஓப்பல் சிரித்தாள். அவளை யார் கேட்டார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

துப்பாக்கியை வைத்துப் பூட்டப் பெட்டி வாங்கப் போனோம், மூன்று பேரும். துப்பாக்கி விற்கிற கடையிலேயே அதுவும் விற்கிறார்கள். பைபிள் அளவு இரும்புப் பெட்டி. விரல் வைத்தால் திறப்பது, நம்பர் போட்டால் திறப்பது, சாவி போட்டால் திறப்பது.

ராய்ஸுக்கு விரல் பெட்டிதான் வேண்டும். டார்லா விரலை வைத்தாள், திறக்கவில்லை. துடைத்து வைத்தாள், திறக்கவில்லை. நாளெல்லாம் மருந்து போட்டுக் கழுவிக் கழுவி அவள் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

"உங்க பொண்ணுக்கு ரேகையே இல்ல அத்தை. பேங்க்ல கொள்ளையடிச்சாக்கூட மாட்டமாட்டா" என்றான். கடைப் பெண்ணும் சிரித்தது.

சாவிப் பெட்டியை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தேன். "பூட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டா? வீட்டுல உக்காந்து நிதானமா உடைப்பானே."

"அதுக்குத்தான் அத்தை இந்தக் கம்பி." முறுக்கு எஃகுக் கம்பி, விரல் தடிமன், ரெண்டு நுனியிலும் வளையம். "சீட்டோட இரும்புக் கால்ல ஒரு சுத்து. நுனியைப் பெட்டியில மாட்டிப் பூட்டிட்டா, சீட்டைப் பேத்துத்தான் எடுக்கணும்."

பேசத் தெரிந்தவன். சனிக்கிழமை சனிக்கிழமை சர்ச் ஹாலில் பெண்களுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் ஆச்சே. சாவிப் பெட்டியையே வாங்கினோம்.

பெட்டியோடு இலவசமாக ஒரு ஸ்டிக்கர், துப்பாக்கிக் கம்பெனிப் படம் போட்டது. அவன் வண்டியின் பின்கண்ணாடி முழுக்க ஏற்கனவே அதுதான். இதை எடுத்து டார்லா கார் கண்ணாடியில் ஒட்டினான்.

"உள்ள துப்பாக்கி இருக்குன்னு போர்டு மாட்டுறியாப்பா?"

"பாத்தாலே பயந்து ஓடிடுவான் அத்தை."

ஓடுவானா, ஓடி வருவானா?

மார்ச் 15, சனி

முட்டி வலியோடு குனிந்து காருக்குள் பார்த்தேன். கம்பி சீட்டுக் காலைச் சுற்றியிருக்கிறது. இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை. நல்லது.

மார்ச் 22, சனி

இன்று வகுப்பில் காட்டுவதற்கென்று ராய்ஸ் பெட்டியையும் கம்பியையும் கழற்றி எடுத்துப் போனான். டார்லா வந்து சொன்னாள். முன் வரிசையில் ஓப்பலாம். கையைத் தூக்கி, "பெட்டியோட தூக்கிட்டுப் போனா என்ன பண்றது?" என்று கேட்டாளாம். இவன் ஒரு நாற்காலிக் காலில் கம்பியைச் சுற்றிக் காட்ட, எல்லாரும் கை தட்டினார்களாம்.

"அப்படியே நீங்க கேட்டதையே கேட்டாங்க அம்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மண்டை" என்று டார்லா சிரிக்கிறாள்.

அவளுக்கும் எனக்குமா ஒரே மண்டை? சாக்ஸ் மில்லில் ஓப்பலும் நானும் பக்கத்துப் பக்கத்து மிஷின். டார்லா கைக்குழந்தை, காதுவலி, வாரம் முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. மிஷின் ஓடும்போது நின்றபடியே கண் அசந்துவிட்டேன். ஓப்பல் போய் சூப்பர்வைசரிடம் சொன்னாள். நல்ல மிஷினிலிருந்து என்னை எடுத்து, கிழிசல் பொறுக்க உட்கார வைத்தார்கள். அன்று அவள் போட்டிருந்தது மஞ்சள் ஸ்வெட்டர், இடது முழங்கையில் ஒட்டுத் துணி. மறக்கமாட்டேன்.

மார்ச் 24, திங்கள்

"கம்பியை மறுபடி கட்டினியாப்பா?"

"கட்டிட்டேன் அத்தை." கறி சுடுகிற அடுப்பின் கரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டார்லா காரை எடுத்துப் போயிருந்தாள். பார்க்க முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

போச்சு. டார்லா காலையில் வந்தாள், சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். துப்பாக்கி பெட்டியோடு போய்விட்டது.

"கம்பி?"

"அறுத்துட்டாங்க போல அம்மா."

"அறுத்தா சீட்டுக் கால்ல மிச்சத் துண்டு இருக்கணுமே. இருக்கா?"

ராய்ஸ் குறுக்கே வந்தான். "ஷெரீஃப் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு அத்தை. துப்பாக்கியோட நம்பர் முதக்கொண்டு. நீங்க சர்ச்ல எதுவும் பேசாதீங்க, விசாரணை கெட்டுடும்."

விசாரணையா, உன் பேரா?

மார்ச் 30, ஞாயிறு

ஹாலைப் பெருக்குவது இந்த வாரம் என் முறை. வகுப்புச் சாமான் வைக்கிற அட்டைப்பெட்டியை நகர்த்தினேன். பிளாஸ்டிக் துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் அந்தக் கம்பி. வளையம் வளையமாக, அழகாகச் சுருட்டி வைத்திருக்கிறான். அன்று வகுப்புக்குக் கழற்றியதுதான். திரும்பப் போகவே இல்லை.

கத்தவில்லை. டார்லாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் மாறவில்லை. அவளுக்குத் தெரியும் — முன்னாடியே தெரியும்.

"மறந்துட்டார் அம்மா. வெளிய தெரிஞ்சா வகுப்பே போயிடும். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஷெரீஃப்கிட்ட சொன்னது நிஜந்தானே?"

"நிஜம்மா."

"என் கண்ணப் பாத்துச் சொல்லு."

பார்த்துத்தான் சொன்னாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஹாய்ட்டின் ரிவால்வர் எவன் இடுப்பிலோ இருக்கிறது. தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனால் திரையை விலக்கிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

எப்படி எழுதுவது. ஓப்பலைச் சுட்டுவிட்டார்கள். பெட்ரோல் பங்க் கல்லாவில் நின்றவளை. ரெண்டு பையன்கள். கல்லாவைத் திறந்து காட்டின பிறகும் சுட்டிருக்கிறார்கள். இந்த வயசில் அவளுக்கு என்ன ராத்திரி வேலை?

டார்லாவின் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். டார்லாதான் கையைப் பிடித்துக்கொண்டு கூட இருந்தாள். ஓப்பல் கண் மங்கி, என் பேரைச் சொல்லி, "நீ ஏர்லீன் பொண்ணுதானே?" என்று கேட்டாளாம். "ஆமா"ன்னு சொன்னதும், "உங்கம்மாவுக்கு இன்னும் கோவந்தானா?" என்றாளாம். விடிவதற்குள் போய்விட்டாள்.

டார்லா இதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை.

இனிமேல் நான் யார் மேல் கோபப்படுவது?

ஏப்ரல் 16, புதன்

புதன்கிழமை ஜெபத்துக்கு முன்னால் ஹாலில் சாப்பாடு. ஷெரீஃபின் ஆள் வந்தார், டெப்டி ஹோல்கம். பையன்களைப் பிடித்தாகிவிட்டதாம், துப்பாக்கியும் கிடைத்துவிட்டதாம். அதன் படத்தை மேசையில் வைத்தார், பீன்ஸ் கிண்ணத்துக்கும் சோள ரொட்டிக்கும் நடுவில்.

"ரொம்பப் பழைய துப்பாக்கி. ஆதியில டென்னசியில வித்ததுங்கிற வரைக்கும்தான் தெரியுது. யாராவது பாத்திருக்கீங்களா?"

நம்பர் கொடுத்தாச்சு என்றானே?

டெப்டி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன வாரம், சுடறதுக்கு முன்னாடி, இதே பசங்களை ரோட்டுல நிறுத்தினோம். இதே துப்பாக்கிதான் கையில இருந்துச்சு. நம்பரைப் போட்டுப் பாத்தோம். திருட்டுப் போனதுன்னு யாரும் சொல்லலை. இந்த மாநிலத்துல துப்பாக்கி வச்சிருக்கறது குத்தமில்லையே. திருப்பிக் குடுத்து அனுப்பிட்டோம்."

படம் கை மாறி ராய்ஸிடம் வந்தது. வகுப்பில் பார்ப்பதுபோல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். "பாத்ததில்ல சார்" என்றான்.

அடுத்து டார்லா. பிடியில் என் திருகாணி மின்னுகிறது. சின்னப் பிள்ளையில் அதை விரலால் தடவித் தடவி விளையாடியவள் அவள். பார்த்தாள். தலையை இல்லை என்று ஆட்டினாள். மேசைக்குக் கீழே அவள் கை வந்து என் முட்டியைப் பிடித்தது. அழுத்தியது. அதே வெடித்த விரல்.

கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தேன். எழுந்தேன்.

"அந்தத் திருகாணி என் தையல் மிஷினோடது. துப்பாக்கி என் புருஷனோடது. மார்ச் மாசக் கடைசியில என் மக கார்லருந்து போச்சு. பெட்டியைக் கட்ட வேண்டிய கம்பி அதோ, அந்த அட்டைப்பெட்டியில சுருண்டு கிடக்கு."

டெப்டி அந்த அட்டைப்பெட்டியை நோக்கி நடந்தார்.

ஏப்ரல் 19, சனி

ஓப்பலை அடக்கம் செய்தோம். அவள் வீட்டுக்கு நானே பன்றித் தொடையில் ஹாம் செய்து கொண்டு போனேன். அவள் தங்கை அலமாரியைத் திறந்து காட்டினாள். மஞ்சள் ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது. ஒட்டு இடது முழங்கையில் இல்லை, வலதில். இத்தனை வருஷம் தப்பாகவே நினைத்திருக்கிறேன். அவளை மன்னித்துவிட்டேன். கேட்கத்தான் அவள் இல்லை.

சுட்ட பையனை ஜட்ஜ் பார்த்துக்கொள்வார். ராய்ஸ் வேறு எவளோ வளர்த்தது, அவனிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. வகுப்பு போய்விட்டது, ஊர் சிரிக்கவில்லை. யாருக்குச் சிரிப்பு வரும்?

வாசலில் ஒருத்தி நின்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் திறக்கவில்லை. ஓப்பலின் கையைப் பிடித்திருந்துவிட்டு, அதே கையில் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து இல்லை என்றவள். காதுவலிக்காக நான் வாரமெல்லாம் தூங்காமல் தோளில் போட்டு நடந்த என் வயிற்றுப் பிள்ளை.

டார்லா.