அம்மாவுக்கு வராத கண்ணீர்

திருவானைக்காவல்
வியாழக்கிழமை

அன்பு மகள் வைஷ்ணவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கனடாவில் நீயும் மாப்பிள்ளை அஜித்தும் சுகமா என்று வழக்கம்போல் கேட்கக் கை வரவில்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளை பிழைக்க வேண்டும், எனக்கு இப்போது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை. நிமிஷத்துக்கு நூற்று நாற்பது துடிக்க வேண்டிய பிள்ளையின் இதயம் எழுபதுதான் துடிக்கிறது, உன் ரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒன்று தொப்புள்கொடி வழியாகப் போய் அதைத் தாக்குகிறது, உன் கண்ணும் வாயும் காய்ந்து போவதும் அதனால்தான் என்றாய். அம்மாவுக்கு இப்படி உண்டா, பிள்ளை ஏதும் தவறியதா என்று டாக்டர் கேட்டாராம். நம்ம குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாதும்மா என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது பொய். அம்மா பக்கத்தில் இருந்ததால் சொன்ன பொய்.

உனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். நாங்கள் லால்குடியில் இருந்த சமயம், அம்மாவுக்கு எட்டாம் மாதம். நர்ஸம்மா குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கே என்றார். இரண்டே நாளில் உயிரில்லாமல் பிறந்தான். கொள்ளிடக்கரையில் நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன். உன் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள், பெத்தவளுக்குக் கண்ணு கலங்கலை பாரு, கல்நெஞ்சுக்காரி என்று என் காதுபடப் பேசினார்கள். நானும் நம்பினேன், மூன்று மாதம் அவள் கையால் சாப்பிடவில்லை. வெங்காயம் அரிந்தாலும் கலங்காத கண், வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்காமல் சோறு விழுங்க முடியாதவள், எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது வியாதி என்று உறைக்கவில்லை. அப்புறம் நீ நல்லபடியாகப் பிறந்தாய், அந்தப் பேச்சையே மூடிவிட்டோம். கல்யாணத்தன்று நீ அழாமல் காரில் ஏறியபோதுகூட, அப்படியே அம்மா என்று சிரித்த மடையன் நான்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொல். அம்மாவின் ரத்தத்தையும் நாளைக்கே டெஸ்ட்டுக்குக் கொடுக்கிறோம், ரிப்போர்ட் வந்ததும் அனுப்புகிறேன். கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடு. பிறந்ததும் பேஸ்மேக்கர் வைக்க வேண்டுமென்றால் வைக்கட்டும், எதைச் செய்தாவது காப்பாற்றச் சொல்லும்மா. அகிலாண்டேஸ்வரி சன்னதியில் போய் நின்றாலும் எனக்கு எழுபது என்கிற அந்த எண்தான் வாயில் வருகிறது.

இன்று காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், முப்பத்திரண்டு வருஷம் கழித்து. அதற்கு அவள், பாப்பாவுக்குத் துடிப்பு இப்ப எவ்வளவாம் என்று மட்டும் கேட்டாள்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இதைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்புகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். திங்கட்கிழமை ஸ்கேன் முடிந்ததும், நல்லதோ கெட்டதோ, முதலில் அம்மாவிடம் சொல். கேட்டுவிட்டு அவள் பேசாமல் இருந்தால், அழவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே.

உன் அப்பா
வெள்ளைச்சாமி